இந்தக் கல் எங்கிருந்து வந்தது?

விடுமுறையில் குடும்பத்தோடு எங்கே செல்வது என்னும் கேள்விக்கு நம் மக்களிடம் நெடுங்காலம் இரண்டு விடைகளே இருந்தன. ஒன்று வேளாங்கண்ணி, பூண்டி, ஏலாக்குறிச்சி போன்ற திருத்தலங்கள். மற்றொன்று, கையில் சற்றுப் பணமிருந்தால், உதகையும் ஏற்காடும். அண்மைக்காலத்தில் மூன்றாவதாக ஒரு விடையும் சேர்ந்திருக்கிறது. 2023 மார்ச் 5 அன்று கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பட்ட பின்னர், பாடநூலில் அவ்வூரைப் பற்றிப் படித்த பிள்ளைகள் பெற்றோரை இழுத்துக்கொண்டு போகிறார்கள். பழம்பொருள் பார்ப்பது பள்ளிச் சுற்றுலாவின் கட்டாயக் கடமையாக இருந்த நிலை மாறி, குடும்பமாகச் சென்று காணும் மகிழ்ச்சியாகியிருக்கிறது. வரவேற்கத்தக்க மாற்றம். ஆயினும் அதனுள் ஓர் அறக்கேள்வி ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. என்றோ வாழ்ந்து மறைந்த ஒருவரின் பானையைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கிறேன். அவருக்கு நான் ஏதேனும் கடன்பட்டிருக்கிறேனா? நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த பணத்தோடு கணக்குத் தீர்ந்துவிடுகிறதா?

இக்கேள்வியை என்னிடம் முதலில் கிளப்பியது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஒரு கடிதம். சேத்தியாத்தோப்புப் பகுதியில் பிறந்து இப்போது பிரிஸ்பேன் நகரில் குடியிருக்கும் ஒரு குடும்பம், பள்ளி விடுமுறையில் கூடாரமும் அடுப்பும் காரில் ஏற்றிக்கொண்டு உள்நாட்டு வறண்ட நிலப்பகுதிக்குப் பயணம் போனதாம். அப்பகுதியை அங்கே 'அவுட்பேக்' என்பர். ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் மேற்கே, லாங்ரீச் என்னும் சிற்றூரில், குதிரையேறிக் கால்நடை ஓட்டியவர்களின் வாழ்வைக் காட்டும் பெரிய காட்சிமண்டபம் ஒன்று 1988ஆம் ஆண்டு முதல் இருக்கிறது. சேணங்கள், சாட்டைகள், தேநீர்க் கெண்டிகள் ஆகியவற்றைக் கண்டு வியந்துகொண்டிருந்தபோது, பத்து வயது மகள் தந்தையிடம் கேட்டாளாம்: "இந்த வேலையைச் செய்த தொல்குடி மக்களுக்குச் சம்பளம் கொடுத்தார்களா, அப்பா?" தந்தைக்கு விடை தெரியவில்லை. அதைத்தான் எனக்கு எழுதியிருந்தார். அச்சிறுமியின் கேள்விக்குப் பின்னர் வருவோம்.

கடிதத்தை அன்பியக் கூட்டமொன்றில் படித்துக் காட்டினேன். அவ்வளவுதான், அடுத்த மே மாதம் ஆறு குடும்பங்கள், இரண்டு வேன்கள், மூன்று நாள் என்று திட்டம் தயாராகிவிட்டது. விடுதி வேண்டாம் என்பதில் இளைஞர்கள் உறுதியாக இருந்தனர். தார்ப்பாய், கோரைப்பாய், சிறிய கேஸ் அடுப்பு இரண்டு, முதல் நாளுக்குக் கட்டுச்சோறு, இரவு தங்க ஏதேனும் ஒரு பள்ளித் திடல். வேளாங்கண்ணிக்கு நடந்து போன தலைமுறைக்கு இவையெல்லாம் புதிதல்ல. பிள்ளைகளுக்குத்தான் குடத்து நீரை அளந்து செலவிடுவதும் தரையில் படுத்து வானத்தைப் பார்ப்பதும் பெரும் செய்தியாக இருந்தன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவனின் சமையலறையைப் புரிந்துகொள்ள, காற்றில் அணைந்து அணைந்து எரியும் அடுப்பின் முன் ஒரு மணி நேரம் உட்கார்வது எந்த விளக்கப் பலகையைவிடவும் உதவும் என்பது என் கருத்து.

முதல் நாள் விருத்தாசலம், திட்டக்குடி வழியாகப் பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூர். புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் 1940இல் வெளிப்படுத்திய கல்மரம் அங்கே ஓடைக்கரையில் கிடக்கிறது. 18 மீட்டருக்கும் மேற்பட்ட நீளம். இன்று கம்பும் பருத்தியும் விளையும் அவ்வட்டாரம் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், கிரெட்டேசியக் காலத்தில், கடலாக இருந்தது. கடலடிச் சேற்றில் புதைந்த மரத்தின் நாருக்குள் சிலிக்கா சிறிது சிறிதாகப் புகுந்து, மரம் தன் உருவம் மாறாமலே கல்லாகிவிட்டது. அரசு அதற்கு வேலி கட்டி, தேசியப் புவியியல் சின்னம் என்று காத்து வருகிறது.

எங்கள் வேன் ஓட்டுநர் நெய்வேலிச் சுரங்கத்தில் சில காலம் ஒப்பந்தத் தொழிலாளியாக இருந்தவர். வேலியைப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "கல்லாப் போன மரத்துக்கு வேலி கட்டியிருக்காங்க. எங்க ஊருல கரியாப் போன மரத்த வெட்டி எரிக்கிறோம்" என்றார். எல்லாரும் சிரித்தோம். சிரிப்புக்கு அடியில் உண்மை இருந்தது. நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் தொல்காலத்துத் தாவரங்களின் உடலே. ஒன்று பயன்படாமற் போனதால் சின்னமாயிற்று. மற்றொன்று பயன்பட்டதால் சாம்பலாயிற்று. நாம் காட்சிக்கு வைத்துப் போற்றுகின்றவை பெரும்பாலும் நமக்கு இனித் தேவைப்படாதவையே. கலப்பை கண்ணாடிப் பெட்டிக்குள் போவது டிராக்டர் வந்த பிறகு. அம்மி போவது மின்னரைவை வந்த பிறகு. அதில் குற்றமில்லை. ஆனால் 'போற்றுகிறோம்' என்று சொல்லிக்கொள்ளும்போது, அப்போற்றுதல் நமக்கு எந்த இழப்பையும் தராத இடத்தில்தான் நிகழ்கிறது என்பதையும் கூடவே சொல்லிக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் நாள் கீழடி. தக்களிகள், ஆட்டக்காய்கள், கூரை ஓடுகள், மணிகள் ஆகியவற்றைப் பற்றிப் பலரும் எழுதிவிட்டனர், நான் நீட்டவில்லை. அரசனின் அரண்மனையோ படையின் வெற்றித்தூணோ அங்கே நம்மை எதிர்கொள்வதில்லை என்பதை மட்டும் குறிப்பிட வேண்டும். நம்மைப் போன்ற மக்கள் நூல் நூற்ற, சமைத்த, சூதாடிய பொருள்கள். கிடைத்த பானையோடுகள் சிலவற்றில் தமிழி எழுத்தில் ஆட்பெயர்கள் கீறப்பட்டிருக்கின்றன. ஆதன் என்றொரு பெயர். குவிரன் என்று மற்றொன்று. பானைக்குரியவர் கீறியிருக்கலாம். "இது என்னுடையது" என்று சொல்வதற்கு மேல் அவருக்கு வேறு நோக்கம் இருந்திருக்காது. அந்தச் சிறு உரிமைக்குரல் இரண்டாயிரம் ஆண்டுகளைத் தாண்டி வந்து நிற்கிறது.

எங்களோடு வந்தவர்களில் எழுபத்தைந்து வயதை நெருங்கும் ஓர் அம்மையார் இருந்தார். அவர் பிறந்த ஊர் இப்போது இல்லை. முதற் சுரங்கத்துக்கு நிலம் எடுத்தபோது அவருக்கு ஆறேழு வயது. மாட்டுவண்டியில் தட்டுமுட்டுச் சாமான்களின் மேல் உட்கார்ந்து வந்தது நினைவிருக்கிறது என்பார். ஆதனின் பானையோட்டைப் பற்றி நான் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் அருகில் வந்து மெல்லக் கேட்டார்: "பானையில பேரு எழுதினவன் பேரு நின்னுச்சு. எங்க ஊருப் பேர நாங்க எதுல எழுதி வச்சோம், சாமி?"

என்னிடம் உடனடியாக விடை இல்லை. அவரும் விடையை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த கூடத்துக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் தஞ்சை, குடந்தை வழியாகத் திரும்பினோம். அணைக்கரையில் கொள்ளிடத்தின் மேல் வேனை நிறுத்தி, கீழணையை எல்லாரும் இறங்கிப் பார்த்தோம். ஆர்தர் காட்டன் திட்டமிட்டு 1836இல் எழுந்தது அது. அங்கிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு நீர் போகிறது. வீராணத்தைத் தோற்றுவித்தது முதலாம் பராந்தகச் சோழனின் காலம் (907–955). கல்கியின் 'பொன்னியின் செல்வன்' தொடங்குவதே அந்த ஏரிக்கரையில்தான் என்பது நம்மில் பலருக்கும் தெரியும். ஏறத்தாழ 45,000 ஏக்கருக்குப் பாசனம் தருவதும், 2004 முதல் சென்னைக்குக் குடிநீர் தருவதும் அவ்வேரியே. சேத்தியாத்தோப்புச் சுற்றுவட்டாரத்து நெல்லும் கரும்பும் கொள்ளிடத்து நீருக்கு எவ்வளவு கடன்பட்டவை என்பதை எங்களோடு வந்த உழவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

அவர்கள் அறியாதிருந்தது மற்றொன்று. அணைக்கரையிலிருந்து சற்று வடக்கே கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராசேந்திரன் கங்கைவரை படை அனுப்பி வென்றதன் நினைவாக எழுப்பிய தலைநகர். கோயில் இன்று உலக மரபுச் சின்னம். 2004இல் அவ்வரிசையில் சேர்க்கப்பட்டது. அதைச் சூழ்ந்திருந்த பெருமதிலோ பெரும்பகுதி இல்லை. கீழணை கட்டக் கருங்கல் தேவைப்பட்டபோது, 1836ஆம் ஆண்டளவில், அம்மதிலின் கற்களையும் சிற்ப வேலைப்பாடமைந்த பகுதிகள் பலவற்றையும் பெயர்த்துக் கொண்டுபோயினர். ஊர்மக்கள் தடுக்க முயன்றதையும், கல்மதிலுக்கு ஈடாகச் செங்கல் மதிலாவது கட்டித் தருவதாக அவர்களுக்கு வாக்களிக்கப்பட்டதையும், அவ்வாக்கு நிறைவேறாமற் போனதையும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் குறிப்பே பதிவு செய்திருக்கிறது. மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் அடித்தளங்களையும், அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் கூரை ஓடுகள், இரும்பாணிகள் முதலியவற்றையும் பார்த்துவிட்டு வெளியே வந்து புல்தரையில் அமர்ந்தபோது இதைச் சொன்னேன்.

பேச்சு சூடுபிடித்தது. கரும்பு பயிரிடும் ஒருவர், "சும்மா நின்ன சுவரு தண்ணிக்கு ஆச்சுன்னா அது புண்ணியந்தான் சாமி. சுவரப் பாத்துகிட்டே பட்டினி கெடக்க முடியுமா?" என்றார். ஆசிரியையாகப் பணிபுரியும் ஓர் அம்மையார் அவரை விடவில்லை. "அது பூண்டி மாதா கோவில் மதிலாக இருந்தாலும் இப்படித்தான் சொல்வீர்களா?" என்று கேட்டார். சற்று நேரம் யாரும் பேசவில்லை.

வாசகரே, இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. உழவர் சொன்னதற்குத் திருச்சபை மரபிலேயே வலுவான சான்று உண்டு. நான்காம் நூற்றாண்டில் மிலான் நகர ஆயராக இருந்த தூய அம்புரோசு, போரில் சிறைப்பட்டவர்களை மீட்கக் கோவிலின் புனிதக் கலங்களையே உருக்கினார். குறைகூறியவர்களுக்கு அவர் தந்த மறுமொழியின் சாரம் இது: கலங்களைக் காப்பதைவிட உயிர்களைக் காப்பது மேலானது, திருச்சபையின் பொன் தேவையிலிருப்போருக்குச் செலவிடுவதற்கே. தூய தாமஸ் அக்வினாசும், உயிர்போகும் நெருக்கடியில் பொருள்கள் பொதுவாகிவிடுகின்றன என்று கற்பித்தார். கல்லைவிட வயிறு பெரிது என்பதை மறுக்கும் ஆன்மிகம் நம்முடையதன்று. ஆகவே மதிற்கல் அணைக்கல்லானதையே பாவம் என்று கூற நான் தயங்குகிறேன். பசித்தவர்களின் வயலுக்கு நீர் வந்தது, இன்றும் வருகிறது.

ஆனால் அம்புரோசு உருக்கியது தம் கோவிலின் கலங்களை. கும்பினி பெயர்த்தது பிறருடைய கோவிலின் மதிலை. கொடுப்பவன் தன் கையால் கொடுக்கும்போது அது ஈகை. அவன் கைநீட்டித் தடுக்கும்போதே எடுத்துக்கொள்வதற்கு, விளைவு எத்துணை நன்மையாயினும், வேறு பெயர். ஆசிரியை கேட்டது இதைத்தான். மேலும், எடுத்தவர்களே அதை உணர்ந்திருந்தனர் என்பதற்கு அவர்கள் தந்த வாக்கே சான்று. கடன் இல்லை என்று நினைப்பவன் செங்கல் மதில் கட்டித் தருவதாகச் சொல்ல மாட்டான். கடனை ஒப்புக்கொண்டு, நீரை நடத்திக்கொண்டு, பிறகு கடனை மறந்துவிட்டனர். இரண்டு நூற்றாண்டு நெருங்குகிறது. அந்த நீரில் விளைந்த சோற்றை உண்ணும் நாம் அப்படியொரு கடன் இருந்ததையே அறியாதிருக்கிறோம். தேவை மிகும்போது எடுப்பதற்கு மன்னிப்பு உண்டு என்று வைத்துக்கொண்டாலும், எடுத்ததை மறப்பதற்கு எந்தத் தேவை சாக்காகும் என்று எனக்குத் தெரியவில்லை.

விவிலியத்தில் கற்களைப் பற்றிய இரண்டு இடங்கள் இங்கே நினைவுக்கு வருகின்றன. யோர்தானைக் கடந்த மக்கள், ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து கில்காலில் நிறுத்துகின்றனர். பின்னாளில் பிள்ளைகள் அக்கற்களின் பொருள் என்ன என்று கேட்பார்கள், அப்போது பெற்றோர் சொல்ல வேண்டும் என்பதே யோசுவாவின் ஏற்பாடு. கல்லின் வேலை பிள்ளைகளிடம் கேள்வியை எழுப்புவது. விடை சொல்வது பெற்றோரின் வேலை. எந்த அருங்காட்சியகமும் பெற்றோரை இக்கடமையிலிருந்து விடுவிக்க முடியாது.

மற்றொரு இடம் மத்தேயு நற்செய்தியின் இருபத்து மூன்றாம் அதிகாரம். இறைவாக்கினரின் கல்லறைகளைக் கட்டி, நேர்மையாளரின் நினைவுச் சின்னங்களை அழகுபடுத்துவோரை இயேசு கடுமையாகச் சாடுகிறார். அவர்களைக் கொன்றவர்கள் அந்த மூதாதையரே. 'நாங்கள் அக்காலத்தில் இருந்திருந்தால் உடன்பட்டிருக்க மாட்டோம்' என்னும் எண்ணத்தோடு பிள்ளைகள் கல்லறைக்கு அழகூட்டுகின்றனர். அவ்வெண்ணத்தைத்தான் ஆண்டவர் ஏற்கவில்லை. இறந்தவர்களைப் போற்றுவது சில வேளைகளில் உயிரோடிருப்பவர்களைப் பார்க்காமலிருப்பதற்கு எளிய வழியாகிவிடுகிறது. யோசுவாவின் கல்லும் பரிசேயரின் கல்லும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலவே நிற்கும்.

ஜெர்மானிய இறையியலார் யோகான் பாப்டிஸ்ட் மெட்ஸ் (1928–2019) நினைவைப் பற்றி வாழ்நாள் முழுதும் சிந்தித்தவர். இரண்டாம் உலகப்போரின் இறுதியில், பதினாறு வயதில், அவரைக் கட்டாயமாகப் படையில் சேர்த்தனர். ஓர் இரவு செய்தி கொண்டுபோகுமாறு அனுப்பப்பட்டுத் திரும்பியபோது, அவருடைய பிரிவில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்துகிடந்தனர். அந்த முகங்களை விட்டு அவருடைய இறையியல் விலகவே இல்லை. கிறிஸ்தவர்களின் நினைவை அவர் 'ஆபத்தான நினைவு' என்று அழைத்தார். பழையதை எண்ணி இன்புறும் நினைவு ஒன்று உண்டு. அது யாரையும் தொந்தரவு செய்யாது. துன்புற்றவர்களின் பக்கத்திலிருந்து எழும் நினைவோ இன்றைய ஒழுங்கைக் கேள்வி கேட்கும். குருமாணவனாக இதைப் படித்தபோது எனக்கு இது ஐரோப்பியரின் குற்ற உணர்ச்சி என்று தோன்றியது. சேத்தியாத்தோப்பில் உட்கார்ந்து படித்தால் அப்படித் தோன்றாது.

ஏனெனில் கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கேட்ட கேள்வி நெய்வேலிக்கும் உண்டு. நெய்வேலி நிறுவனம் 1956இல் அமைந்தது. 1957 மே 20 அன்று நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961இல் நிலக்கரிப் படிவம் கண்ணுக்குத் தெரிந்தது. அடுத்த ஆண்டு மின்சாரம் பிறந்தது. தமிழ்நாட்டின் கிணற்று மோட்டார்களும் நூற்பாலைகளும் பள்ளிக்கூட விளக்குகளும் அந்த மின்சாரத்தால் ஓடின. அது வேண்டாம் என்று அன்று சொல்லியிருக்க வேண்டும் என நான் கூறவில்லை. இந்த இதழை அச்சிடும் பொறியும் மின்சாரத்தில்தான் ஓடுகிறது. ஆனால் அந்தக் குழியின் இடத்தில் ஊர்கள் இருந்தன. ஊருக்கு ஒரு குளம், ஓர் அரசமரம், ஓர் ஐயனார், சுடுகாடு, கல்லறை இருந்தன. நிலம் கொடுத்த குடும்பங்கள் நிரந்தர வேலையையும் உரிய இழப்பீட்டையும் பல்லாண்டுகளாகக் கேட்டு வந்திருக்கின்றன. எண்ணிப் பாருங்கள்: ஆதனின் பானையை நாம் பார்த்துவிட்டோம். அந்த ஊர்களின் ஒரு குடத்தையேனும், ஒரு படியையேனும் எந்தக் கண்ணாடிப் பெட்டியிலும் நான் இதுவரை கண்டதில்லை.

இது பழங்கதையும் அல்ல. 2023 ஜூலை 26 அன்று சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில், பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக, நெற்பயிர் நின்ற வயலில் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கின. நிலம் முன்னரே கையகப்படுத்தப்பட்டது, இழப்பீடும் தரப்பட்டது, மழைக்கு முன் கால்வாய் முடியாவிட்டால் சுரங்கத்துக்கு இடர் என்பது நிறுவனத்தின் தரப்பு. அதிலும் உண்மை இருக்கலாம். எனினும் அறுவடை வரை இரண்டு மாதம் பொறுக்கக் கூடாதா என்னும் வினா சென்னை உயர் நீதிமன்றத்திலேயே எழுந்தது. அழிந்த பயிருக்கு இழப்பீடு தரவும் ஆணையிடப்பட்டது. சட்டப்படி நிலம் யாருடையது என்பது ஒன்று. கதிர் வாங்கப்போகும் பயிரின்மேல் சக்கரம் ஏறுவதைப் பார்த்து நிற்கும் மனிதனின் நெஞ்சு மற்றொன்று. நம் ஊர்ப் பிள்ளைகள் அதைத் தொலைக்காட்சியில் பார்த்தார்கள். அவர்களில் சிலர்தாம் எங்களோடு கங்கைகொண்ட சோழபுரத்துக்கு வந்தவர்கள். "அந்தக் காலத்து வெள்ளைக்காரன்" என்று கதையை முடித்துவிட அவர்கள் விடவில்லை.

இனி லாங்ரீச் மண்டபத்தில் நின்ற சிறுமிக்கு வருவோம். அவளுடைய கேள்விக்கு விடை, பெரும்பாலும் இல்லை என்பதே. ஆஸ்திரேலியாவின் வடபகுதி மாட்டுப்பண்ணைகளில் தொல்குடி மக்கள் நெடுங்காலம் மாவுக்கும் இறைச்சிக்கும் தேயிலைக்குமாக உழைத்தனர். ஊதியம் தரப்பட்ட இடங்களிலும் அது வெள்ளையர் பெற்றதில் சிறு பகுதியே. சம ஊதியம் தர வேண்டும் என்ற தீர்ப்பு 1966இல் வந்தபோதும், பண்ணை உரிமையாளர்களுக்கு வசதியாக அதை நடைமுறைப்படுத்துவது 1968 டிசம்பர் வரை தள்ளிவைக்கப்பட்டது. 1966 ஆகஸ்டில், வேவ் ஹில் என்னும் பண்ணையிலிருந்து குரிஞ்சி இனத்தவர் ஏறத்தாழ இருநூறு பேர், வின்சென்ட் லிங்கியாரி என்பவரின் தலைமையில் வேலையை விட்டு வெளியேறினர். கூலி கேட்டு எழுந்த அப்போராட்டம் விரைவிலேயே மூதாதையர் நிலத்தைக் கேட்கும் போராட்டமாயிற்று. ஒன்பது ஆண்டுகள் அவர்கள் அசையவில்லை. 1975 ஆகஸ்ட் 16 அன்று பிரதமர் விட்லம் அங்கே வந்து, குனிந்து ஒரு பிடி மண்ணை அள்ளி, லிங்கியாரியின் கையில் ஊற்றினார். நிலத்தின் ஒரு பகுதி அவர்களுக்குத் திரும்பியது.

அந்நிகழ்ச்சியின் புகைப்படம் உலகறிந்தது. எத்தனையோ நினைவு விழாக்களில் மாலை வைக்கிறார்கள், பலகை திறக்கிறார்கள். இங்கே நினைவுகூர்ந்தவரின் கையிலிருந்து ஏதோ ஒன்று உண்மையாகவே இடம் மாறியது. பரிசேயரின் கல்லையும் யோசுவாவின் கல்லையும் வேறுபடுத்த எனக்குத் தெரிந்த அடையாளம் இதுவே. பிரிஸ்பேன் நண்பருக்கு இதை எழுதி அனுப்பினேன். மகளிடம் படித்துக் காட்டியதாகவும், அவள் அடுத்த விடுமுறையில் வேவ் ஹில்லுக்குப் போக வேண்டும் என்று அடம்பிடிப்பதாகவும் பதில் வந்தது. அது லாங்ரீச்சைவிட மிகத் தொலைவு; தந்தையின் விடுப்புக் கணக்கு எப்படியோ!

நம்மால் நிலத்தைத் திருப்பித் தர இயலாது, சுரங்கம் நம்முடையதன்று. வளையமாதேவியின் பயிரும் திரும்ப முளைக்காது. ஆயினும் கீழடியில் கேட்கப்பட்ட கேள்வி ஆறு குடும்பங்களையும் விடவில்லை. ஊர் திரும்பிய இரண்டாம் வாரத்திலிருந்து, உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு, சுரங்கத்தால் இடம்பெயர்ந்த முதியோரின் வீடுகளுக்குச் செல்கின்றனர். மதம் சாதி பார்ப்பதில்லை என்று அவர்களே முடிவு செய்துகொண்டனர். ஊரின் பெயர், தெருக்களின் பெயர், குளம், கோயில், யார் வீட்டில் எத்தனை மாடு, எந்த ஆண்டு வெளியேறினார்கள், எவ்வளவு பணம் தந்தார்கள், அதை வைத்து எங்கே நிலம் வாங்க முடிந்தது அல்லது முடியவில்லை என எல்லாவற்றையும் எழுதுகிறார்கள். இழப்பீடோ வேலையோ இன்னும் வழக்கில் இருப்பதாகச் சொல்லும் குடும்பங்களின் தாள்களை, நம் பங்கைச் சேர்ந்த வழக்கறிஞர் ஒருவர் சனிக்கிழமை மாலைகளில் கட்டணமின்றிப் படித்துப் பார்க்கிறார். அவருக்கு இதனால் சில கட்சிக்காரர்கள் குறைந்துவிட்டதாகக் கேள்வி. அவர் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

கீழடியில் கேட்ட அம்மையாரின் பக்கங்கள்தாம் நோட்டில் முதலில் நிரம்பின. தம் ஊரில் ஏழு கிணறுகள் இருந்தன என்றார். ஆறின் பெயர்களைச் சொல்லிவிட்டார்: ஒன்று அதை வெட்டியவரின் பெயரால், ஒன்று பக்கத்திலிருந்த புளியமரத்தால், ஒன்று அதில் விழுந்து இறந்த பெண்ணால். ஏழாவதன் பெயர் எவ்வளவு யோசித்தும் வரவில்லை. அவருடைய அக்காள் விருத்தாசலத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். காது சற்று மந்தம். பிள்ளைகள் வரும் சனிக்கிழமை அவரைக் கேட்கப் போகிறார்கள்.